கால்வழிக் கல்வி

அறுவை சிகிச்சை நடக்கும்போது மயக்க மருந்து கொடுப்பவன் உட்காரும் இடம் நோயாளியின் தலைமாடு. நோயாளியின் நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணியைத் திரைபோலக் கட்டிவிடுவார்கள். அந்தப் பக்கம் நடக்கும் வெட்டும் தையலும் எனக்குத் தெரியாது. ஸ்டூலைத் தாழ்த்திப் போட்டு உட்காருவது என் பழக்கம்; மேசைக்கு அடியில் பார்த்தால் கால்கள் தெரியும். பூசானில் மலைச்சரிவின் மேல் நிற்கும் எங்கள் பல்கலைக்கழக மருத்துவமனையின் சிறுநீர்த்துறையை இத்தனை வருடமாக நான் அறிந்திருப்பது கால்களின் வழியாகத்தான். கைகளின் பெருமையை வேறு யாராவது எழுதட்டும்.

எங்கள் துறையில் பாடம் சொல்லிக்கொடுக்கும் முறை, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் உதைப்பது. இதில் விஞ்ஞானம் இருக்கிறது. கையுறை போட்ட கையால் கன்னத்தில் அறைந்தால் கை அசுத்தமாகிவிடும், புதுக் கையுறை பிரிக்க வேண்டும், மருத்துவமனைக்கு நஷ்டம். கால் சும்மாதானே இருக்கிறது. முந்திய வருடம் துறையில் சேர்ந்தவர் பிந்திய வருடம் சேர்ந்தவரை உதைக்கலாம். பிந்தியவர் பிற்பாடு மந்திரியே ஆனாலும் திருப்பி உதைக்க முடியாது. கீழே ஊருக்குள் பொதுக்குளியல் கூடத்தில் உடம்பு தேய்த்துவிடும் ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. முன்னங்காலில் இருக்கும் கருநீலத் தழும்பைப் பார்த்துவிட்டு, “மேல ஆஸ்பத்திரியா சார், எந்த வருஷ பேட்ச்” என்று கேட்பார்.

துறைத்தலைவர் பேராசிரியர் மேங் தொங்சொல். அறுவை அரங்குக்குள் அவர் போட்டுக்கொள்வது கட்டை அடி வைத்த செருப்பு, முனையில் தடித்த தோல். அந்தச் செருப்பு டக் டக்கென்று வரும் சத்தம் கேட்டால், மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்குக்கூட நாடித்துடிப்பு ஏறும். மிகைப்படுத்தவில்லை, என் மானிட்டர் திரையில் பார்த்திருக்கிறேன்.

இந்தத் துறையில்தான் பியோ சன்ஜூ வேலை பார்த்தாள். துறையில் ஒரே பெண். கிழிந்த, நசுங்கிய, அடைத்துப்போன மூத்திரக்குழாயைத் திறந்து, கெட்டுப்போன பகுதியை வெட்டி எறிந்து, நல்ல முனை இரண்டையும் முடியைவிட மெல்லிய நூலால் சேர்த்துத் தைப்பது அவள் வித்தை. பிரசவத்தில் இடுப்புக்கடியில் கிழிந்துபோய், வீட்டை விட்டு வெளியே வராமல் வருடக்கணக்கில் துணி மாற்றிக்கொண்டிருந்த பெண்கள் அவளிடம் வந்து சரியாகிப் போனார்கள். பயிற்சிக் காலத்தில் மேங்கிடம் உதை வாங்கி அவளுக்கு ஒரு முறை எலும்பே விரிசல் விட்டது. மற்றக் காலை ஊன்றிக்கொண்டு அந்த அறுவையை முடித்துவிட்டுத்தான் கட்டுப் போடப் போனாள். மேங் அன்றைக்கு அவளைப் பாராட்டி, துறை விருந்தில் தன் கையாலேயே பன்றி இறைச்சியைக் கத்தரித்து அவள் தட்டில் வைத்தார். அவளுக்குச் சாராயம் ஊற்றியபோது கண் கலங்கினார் என்றும் சொல்கிறார்கள்.

அவ்வளவு கற்றவள், உதைக்க மாட்டாள். அதுதான் அவளிடம் இருந்த குறை. சதையை விலக்கும் கொக்கியைப் பயிற்சி மருத்துவர் தப்பாகப் பிடித்தால், “கொக்கியை இடப்பக்கம் கொஞ்சம் இழு” என்பாள், அவ்வளவுதான். பையன்களுக்கு இது குழப்பமாக இருந்தது. உதை விழவில்லை என்றால் செய்தது சரியா தப்பா என்று எப்படித் தெரியும்? தொக்கோ என்கிற இரண்டாம் வருடப் பயிற்சி மருத்துவர் ஒரு நாள் உடை மாற்றும் அறையில் என்னிடம் வந்து புலம்பினான். “மேடம் என்மேல நம்பிக்கையை விட்டுட்டாங்க போல சார். ஒரு தடவகூட உதைக்கல. வேலையை விட்டுப் போகச் சொல்றாங்களா?”

பியோவின் வேலை ஒப்பந்த வேலை. வசந்தத்தோடு அது முடிகிறது. நிரந்தரப் பேராசிரியர் பதவி ஒன்று காலியாக இருந்தது, அதற்கு மேங் சம்மதிக்க வேண்டும். மேங் சம்மதிக்கவில்லை என்றால் அவள் போய்விடுவாள். அவள் போய்விட்டால் ஜெகால் மான்சு என்கிற மனிதன் சாகும்வரை மூத்திரப் பையோடு திரிய வேண்டும்.

ஜெகால் துறைமுகத்தில் சரக்குப்பெட்டி ஏற்றும் வண்டி ஓட்டியவன். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இடுப்பு சிக்கி, இடுப்பெலும்பு அப்பளமாக நொறுங்கி, உள்ளே குழாய் இரண்டு துண்டாகப் போனது. அடிவயிற்றில் துளை போட்டு ரப்பர் குழாய் வைத்து, அதைக் காலில் கட்டிய பையில் விட்டிருந்தார்கள். அவன் மேங்கின் கணக்கில் இருந்த நோயாளி; மேங்குக்குத் தைக்கத் தெரியாது, லேசர் தெரியும். அடைப்பை லேசரால் சுட்டுத் திறப்பார், மூடிக்கொள்ளும், மறுபடி சுடுவார், மறுபடி மூடும். நம்மூர் மாநகராட்சி டிசம்பரானால் நடைபாதையைத் தோண்டுவதுபோல, அவருக்கு அது ஒரு வாடிக்கை. சுடச்சுடத் தழும்பு நீளும் என்று பியோ சொன்னாள். சொன்னதற்கு உதை வாங்கினாள். ஜெகால் ஒவ்வொரு தடவையும் என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் கேட்பான். “சுவரைப் பாத்து நின்னுக்கிட்டு ஒரு தடவ போகணும் டாக்டர். ஒரே ஒரு தடவ. அந்த டாக்டரம்மா எப்ப தைப்பாங்க?” அவள் பேராசிரியர் ஆனதும் என்று நான் சொல்வேன். அவன் அதை நம்பிக்கொண்டு, அவள் தாழ்வாரத்தில் போகும்போதெல்லாம் பையைப் பிடித்துக்கொண்டு எழுந்து குனிந்து கும்பிடுவான்.

அந்த ஆண்டு வேறெங்கோ ஒரு மருத்துவமனையில் உதை வாங்கிய பையன் ஒருவன் பத்திரிகைக்குப் போய்விட்டான். எங்கள் இயக்குநர் நம்குங்குக்கு நடுக்கம் வந்தது. உடனே வன்முறை ஒழிப்புக் குழு ஒன்று அமைத்தார். அதற்குத் தலைவராக, அனுபவத்தை முன்னிட்டு, மேங்கைப் போட்டார்.

தொடக்க விழா பெரிய அரங்கில் நடந்தது. வாசலில் வாழ்த்து ரிப்பன் கட்டிய பூவளையங்கள் வரிசையாக நின்றன. எல்லோரும் நெற்றியில் துணிப்பட்டை கட்டி, முஷ்டியை உயர்த்தி, வன்முறையை ஒழிப்போம் என்று கோஷம் போட வேண்டும். முதல் வரிசையில் நின்ற தொக்கோவின் குரல் போதவில்லை. மேங் மேடையிலிருந்து இறங்கி வந்து அவன் காலில் ஒன்று விட்டார். குரல் வந்தது. புகைப்படக்காரர் ஓடி வந்து, வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை முடியுமா என்று கேட்டார். மேங் பெருந்தன்மையான மனிதர், செய்தார்.

பிறகு பேசினார். அந்தப் பேச்சை நான் அப்படியே நினைவு வைத்திருக்கிறேன்.

“என்னைப் பாத்து அடிக்கிறவன்னு சொல்றாங்க. இந்தக் கையைப் பாருங்க. வாழ்க்கையில இந்தக் கை ஒருத்தன் மேல பட்டதில்ல. உதைக்கிறது வேற. கோவத்துல உதைச்சா அது வன்முறை, நான் ஒத்துக்குறேன். நான் கோவப்பட்டு உதைக்கிறதே இல்ல. நிதானமா, குறிபாத்து, அவன் எதிர்காலத்தை மனசுல வெச்சுக்கிட்டுதான் உதைக்கிறேன். என்னை உதைச்ச ப்ரொஃபசர் செத்தப்ப பெட்டியைத் தூக்கினது யாரு? நான். நொண்டிக்கிட்டே தூக்கினேன். இந்தக் காலத்துப் பசங்களுக்கு அந்தப் பாசம் புரியாது.”

இயக்குநர் நம்குங் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழுவின் முதல் தீர்மானமாக, உதை என்ற சொல் மருத்துவமனைக்குள் தடை செய்யப்பட்டது. இனி அதற்குக் கால்வழிக் கல்வி என்று பெயர்.

இரண்டாவது தீர்மானம் நலத்திட்டம். பயிற்சி மருத்துவர்கள் எல்லோருக்கும் கால்பந்து வீரர்கள் கட்டும் முன்கால் காப்பு வழங்கப்பட்டது. பயிற்சி ஆண்டுக்கு ஒரு நிறம். கடைநிலைக்காரனுக்கு மெல்லிய அட்டை, மேலே போகப்போகத் தடிமன். வந்த வாரமே பேராசிரியர்கள் முறையிட்டார்கள்: பாடம் உள்ளே இறங்குவதில்லை, பையன்கள் முகத்தில் ஒரு தெளிவு தெரிகிறது, இது அவமரியாதை. நம்குங் இரு தரப்பையும் சமாதானப்படுத்தினார். காப்பு இருக்கட்டும், அதற்கு ஈடாகப் பேராசிரியர்கள் பலத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஒரு பையனின் காப்பு இரண்டாகப் பிளந்து, பிளந்த பிளாஸ்டிக் சதைக்குள் ஏறி, என் கண்முன்னால் செருப்பெல்லாம் ரத்தம். குழு அன்றே கூடி விவாதித்து, மட்டமான சரக்கு கொடுத்த காப்புக் கம்பெனியைக் கண்டித்தது. வழவழப்பான புதுக் காப்பு வந்தது. உலோகத்தில்.

புதிய இடுப்புநல மையத்தின் திறப்பைப் படம்பிடிக்க ஒரு நாள் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். மேங் காமிரா முன்னால் ஜெகாலுக்கு மறுபடி லேசர் வைப்பதாக ஏற்பாடு. நான் ஜெகாலின் முதுகில் ஊசி போட்டேன், இடுப்புக்குக் கீழே மரத்தது, ஆள் விழித்திருந்தான். கால் இரண்டையும் தூக்கிக் கட்டினார்கள். மேங் நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் தொக்கோ, லேசர் வைக்கும்போது உள்ளே ஓடவேண்டிய தண்ணீர்ப் பையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன், காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பை காலியாயிற்று. மேங் பார்த்துக்கொண்டிருந்த திரையில் படம் சிவப்பாகக் கலங்கியது.

மேங் எழுந்தார். தொலைக்காட்சியில் வரப்போகிறது என்பதால், வழக்கத்தைவிட ஒரு பங்கு அழகாகக் காலைப் பின்னே இழுத்து வீசினார். தோல்முனை தொக்கோவின் காலில் இருந்த அந்த வழவழத்த உலோகக் காப்பில் பட்டு வழுக்கிக்கொண்டு போனது. மற்றக் கால் ஈரத் தரையில் எதிர்ப்பக்கம் போனது. ரத்தத் துணிகளைப் போடுவதற்கு அரங்கில் சக்கரம் வைத்த எஃகு வாளி ஒன்று இருக்கும். காலால் தள்ளிக்கொண்டு போகலாம். துறைத்தலைவர் அதன் விளிம்பின் மேல், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக, முழு எடையோடு உட்கார்ந்தார்.

அந்தச் சத்தத்தை எழுதத் தெரியவில்லை. வாளி அவரைச் சுமந்துகொண்டு கொஞ்ச தூரம் உருண்டு சுவரில் மோதியது. திரைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த ஜெகால், “என்னைத்தானா டாக்டர்?” என்று மெல்லக் கேட்டான். இல்லை, இந்தத் தடவை உன்னை இல்லை என்றேன்.

மேங்குக்கு இடுப்புக்கடியில் எல்லாம் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கிப்போயிற்று. நுனியில் ரத்தம் சொட்டியது. ஒரு சொட்டு மூத்திரம் வரவில்லை. வலியில் மேங் கத்திய வார்த்தைகளைத் தொலைக்காட்சிக்காரர்கள் பிற்பாடு சங்கீதம் போட்டு மறைத்தார்கள். பியோ ஓடி வந்து அடிவயிற்றில் துளை போட்டு ரப்பர் குழாய் வைத்துப் பையில் விட்டாள். உள்ளே குழாய் அறுந்திருக்கிறது, வீக்கம் வற்றி, புண் ஆறிய பிறகுதான் தைக்க முடியும், அதுவரை பைதான் என்று சொன்னாள். ஜெகாலுக்குச் சொன்ன அதே வார்த்தைகள்.

அதற்குப் பிறகு நடந்ததை வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. மேங் பையோடு காலை வார்டுச் சுற்றுக்கு வந்தார். தலைவர் மட்டும் பை கட்டியிருப்பது துறையின் கௌரவத்துக்கு இழுக்கு என்று இயக்குநர் கருதினார். ஆகவே துறையில் எல்லோரும், பேராசிரியரிலிருந்து கடைசிப் பயிற்சி மருத்துவர் வரை, சுற்றின்போது ஒரு பை கட்டிக்கொள்ள உத்தரவு. உள்ளே வாற்கோதுமைத் தேநீர், நிறம் ஒத்துப்போகும் என்பதால். இளையவர் பை மூத்தவர் பையைவிட நிறைந்திருக்கக் கூடாது. மேங் அதிகம் தண்ணீர் குடிக்காத நாளில் மொத்தத் துறையும் தாழ்வாரத்தில் நின்று தேநீரை வாஷ்பேசினில் கொட்டியதை நான் பார்த்தேன். இதைப் பார்த்த ஜெகால், தன் நோய் இவ்வளவு பெரிய டாக்டர்களுக்கும் வந்துவிட்டதே என்று கவலைப்பட்டு, எல்லோருக்கும் ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தான்.

தைக்கும் காலம் நெருங்கியது. மற்றப் பேராசிரியர்கள் பயபக்தியோடு வந்து, லேசர் வைத்துவிடலாமா என்று கேட்டார்கள். மேங்கின் முகம் வெளிறிப்போனதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

“லேசரா? யாருடா அது? அது பேஷன்ட்டுக்கு வெக்கிறது. என்கிட்ட எடுத்துக்கிட்டு வந்தீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன். அந்தப் பொண்ணைக் கூப்பிடு.”

பியோ வந்தாள். ஜெகால் முன்னாலேயே காத்திருக்கிறான், முறைப்படி அவனுக்குத்தான் முதலில் என்றாள். ஒரே நாளில் இருவருக்கும் வைத்துக்கொள்ளலாம், காலையில் தனக்கு, மதியம் அவனுக்கு என்று மேங் சொன்னார். ஆனால் அவளுடைய ஒப்பந்தம் அந்த வாரத்தோடு முடிகிறது. நிரந்தரம் ஆகாதவளுக்கு மதியம் அரங்கைத் தர முடியாது என்றார். தன் சம்மதத்துக்கு என்ன வேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

“உன் கை தங்கம். நான் எப்பவும் சொல்வேன். கால்தான் சரியில்ல. உன் அரங்குல இருந்து வர்ற பசங்க ஒருத்தன்கூட நொண்டல. நாளைக்கு அவன் எதை நெனச்சு உன்னை ஞாபகம் வெச்சுப்பான்? கால் இல்லாதவளை ப்ரொஃபசர் ஆக்குனா ஜனங்க என்னைப் பாத்துதான் சிரிப்பாங்க. நாளைக்கு நான் முழிச்சுக்கிட்டேதான் படுப்பேன். காது நல்லா கேக்கும். புரியுதா?”

அவள் அவர் பையின் அளவைக் குறித்துக்கொண்டு வெளியே போனாள். எனக்குப் புரிந்தது.

மறுநாள் மேங்குக்கு முதுகில் ஊசி போட்டேன். கால்களைத் தூக்கிக் கட்டினோம். அத்தனை பேரை உதைத்த கால்கள், பஞ்சு சுற்றி, மேலே சும்மா கிடந்தன. ஜெகாலை வெளியே தள்ளுகட்டிலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பியோ ஸ்டூலில் உட்கார்ந்தாள், பக்கத்தில் தொக்கோ. கடையில் வாங்கிய மீனைச் சுத்தம் செய்வதுபோல நிதானமாக அவள் கெட்டுப்போன தழும்பை வெட்டி எடுத்தாள். தொக்கோ நன்றாகவே பிடித்தான். ஒரு தப்பு செய்யவில்லை.

மேங் திரைக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, “என்னப்பா, ஒண்ணும் கேக்கலயே” என்று என்னிடம் கேட்டார். ரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறது என்றேன். கடைசித் தையல்கள் பாக்கி என்று பியோ சொன்னபோது, அவர் குரலை உயர்த்தினார். இன்று ஒன்றும் கேட்காவிட்டால் மதியம் அரங்கைப் பூட்டிவிடச் சொல்லி இயக்குநரிடம் ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்றார்.

நான் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். தொக்கோ தன் வலது காலை மெதுவாக நகர்த்தி அவள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தான். காப்பின் பட்டையைக் கையால் அவிழ்த்தால் கை அசுத்தமாகிவிடும் என்பதால், மற்றக் காலின் விரலாலேயே அதைத் தள்ளிக் கீழே இறக்கினான். வெறும் முன்னங்கால் தெரிந்தது.

“உதைச்சிடுங்க மேடம்” என்றான் தாழ்ந்த குரலில். “வெளிய அந்த ஆள் காத்துக்கிட்டிருக்காரு. எனக்குப் பழக்கம்தான்.”

அவள் காலால் தொட்டாள். உதை என்று அதைச் சொல்ல முடியாது.

“கேக்கல” என்றார் மேங்.

அவள் உதைத்தாள். சத்தம் வந்தது. தொக்கோவின் முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. மேங் யோசித்துவிட்டு, செருப்பு முனை படவில்லை, பக்கவாட்டில் பட்டிருக்கிறது, சத்தத்திலேயே தெரிகிறது என்றார்.

மூன்றாவது உதை முனையால் பட்டது. எலும்பின் சத்தம். தொக்கோவின் தோல் கிழிந்து ரத்தம் செருப்புக்குள் இறங்கியது. மேங் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் கன்னத்தில் நிஜமாகவே கண்ணீர். “என் பொண்ணு” என்றார். “இயக்குநருக்குச் சொல்லுங்க. நான் சம்மதம்னு சொல்லுங்க. அந்தத் துறைமுகத்துக்காரனைத் தயார் பண்ணுங்க.”

செவிலி கதவைத் திறந்து ஜெகாலிடம் விஷயத்தைச் சொன்னாள். வெளியே அவன் அழுதுகொண்டே யாருக்கோ நன்றி சொல்வது கேட்டது. முடிந்தது, இனி அவள் விரும்பியபடி இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, ஒரு தடவை எழுந்து நின்று திரைக்கு மேலாகப் பார்த்தேன். அவள் கைகள் ஆடவே இல்லை. முடியைவிட மெல்லிய நூல், ஊசி உள்ளே போய் வெளியே வந்தது, முடிச்சு விழுந்தது. இவ்வளவு அழகான தையலை நான் பார்த்ததில்லை. தொக்கோ கொக்கியைச் சரியாகத்தான் பிடித்திருந்தான்.

நான் உட்கார்ந்தபோது கீழே மறுபடி அந்தச் சத்தம் கேட்டது.

“போதும்மா, கேட்டுது” என்றார் மேங்.

“கேட்டுது மேடம்” என்றான் தொக்கோ. அடுத்த உதை அதற்குப் பிறகுதான் விழுந்தது.